இடது முன் டயர் உள் ஓரத்தை மட்டும் தின்னுது: அலைன்மென்ட் ரெண்டு தடவை பண்ணியும் நிக்கல

அரசலாறு (கும்பகோணம்)

பெட்ரோல் ஹேட்ச்பேக், முன்சக்கர டிரைவ், டயர் 165/80 ஆர்14. நாலு டயரும் ஒரே நாள்ல புதுசா மாட்டினது, இதுவரைக்கும் 19,000 கி.மீ. ஓடியிருக்கு. நடுவுல ரொட்டேஷன் (முன் பின் டயரை இடம் மாத்துறது) பண்ணல. காத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுதான், பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை காலையில பிடிக்கிறது.

இடது முன் டயர் வெளியிலேர்ந்து பார்த்தா நல்லாத்தான் தெரியுது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசா ஒடிச்சு, முன்னாடி குனிஞ்சு பார்த்தாத்தான் உள் ஓரம் மொட்டையானது தெரியும். டெப்த் கேஜ் வச்சு அளந்தது, வெளி ஓரம், நடு, உள் ஓரம்ங்கிற வரிசையில, மி.மீ. கணக்கு:

முன் இடது: 5.4, 4.9, 1.9
முன் வலது: 5.0, 5.1, 4.3
பின் இடது: 6.0, 6.2, 5.6 (உள் பக்கம் திட்டுத் திட்டா பள்ளம்)
பின் வலது: 6.1, 6.2, 6.0

ரெண்டாவது அலைன்மென்ட் பிரிண்ட் கையில இருக்கு. மொத்த முன் டோ (மேலேர்ந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம், மைனஸ்னா முன்பக்கம் வெளியே) மைனஸ் 18 நிமிஷம் (60 நிமிஷம் ஒரு டிகிரி) இருந்ததை பிளஸ் 2 நிமிஷத்துக்குக் கொண்டு வந்திருக்காங்க. கேம்பர் (சக்கரம் நிமிர்ந்து நிக்காம சாயுற கோணம், மைனஸ்னா மேல் பக்கம் உள்ளே) இடது மைனஸ் 1 டிகிரி 30, வலது மைனஸ் 0 டிகிரி 20. பின் டோ இடது பிளஸ் 25 நிமிஷம், வலது பிளஸ் 5. "கேம்பரும் பின்னாடியும் இந்த வண்டியில அட்ஜஸ்ட் ஆகாது சார்"னு சொல்லிட்டாங்க. வண்டி எந்தப் பக்கமும் இழுக்கல, கையை விட்டாலும் நேராத்தான் போகுது. அதனால அலைன்மென்ட் ஓகே, புது டயர் போட்டா சரியாயிடும்ங்கிறாங்க. இன்னொரு கடையில கேம்பர் போல்ட் (அந்தச் சாய்வைத் திருத்துற போல்ட்) போடலாம்னு சொல்றாங்க. 60 வேகத்துக்கு மேல பின்னாலேர்ந்து ஒரு உறுமல் சத்தமும் இருக்கு.

தினமும் ஓட்டம் கபிஸ்தலம் வழியா திருவையாறு ரோடு, வாரத்துல ஒரு நாள் தஞ்சாவூர். புது டயர் வாங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?


வடவாறு (தஞ்சாவூர்)

மூணு இடத்துல அளந்து போட்டதுக்கு நன்றி. "டயர் தேயுது, என்ன பண்ணலாம்"னு ஒத்தை வரியில கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. உங்க எண்கள்லயே பாதி விடை இருக்கு.

காத்து குறைஞ்சா ரெண்டு ஓரமும் சேர்ந்து தேயும், கூடினா நடு தேயும். உங்களுக்கு ஒரே சக்கரத்துல ஒரே ஓரம், அதனால காத்தை விட்டுடலாம். மிச்சம் டோவும் கேம்பரும். இதுல டோ மட்டும் கெட்டிருந்தா ரெண்டு முன் டயரும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தேயணும். நேரா ஓடுறப்போ ஸ்டியரிங் ரேக் (ரெண்டு முன் சக்கரத்தையும் திருப்புற தண்டு) அந்தத் தப்பை ரெண்டு சக்கரத்துக்கும் சமமாப் பங்கு போட்டுடும். உங்க வலது டயர்ல நடுவுக்கும் உள் ஓரத்துக்கும் வித்தியாசம் 0.8 மி.மீ. அது பெரும்பாலும் டோ தின்னது. இடதுல அதே வித்தியாசம் 3 மி.மீ. அந்த மிச்சம் 2.2 மி.மீ. கேம்பர் கணக்குல வருது.

டோவைச் சின்ன விஷயம்னு நினைக்க வேண்டாம். 18 நிமிஷம்னா 0.3 டிகிரி. ஒரு கி.மீ. போனா ரெண்டு டயரும் சேர்ந்து அஞ்சு மீட்டருக்குக் குறுக்கால இழுபடும். 19,000 கி.மீ.யும் அப்படியே ஓடியிருந்தா நூறு கி.மீ., அதாவது கும்பகோணத்துலேர்ந்து திருச்சி வரைக்கும் டயரைப் பக்கவாட்டுல தேய்ச்சுக்கிட்டே போன கணக்கு. கேம்பர் தனியா இவ்வளவு வேகமாத் தின்னாது. மைனஸ் கேம்பரால பாரம் உள் ஓரத்துல உக்காந்திருக்கு, அந்த ஓரத்தையே டோ அவுட் (மைனஸ் டோ) அரம் மாதிரி ராவுது. ரெண்டும் கூட்டுச் சேர்ந்தாத்தான் இந்த மொட்டை.

இப்போ "நேராப் போகுது, அதனால ஓகே"ங்கிற பேச்சு. எனக்குச் சந்தேகமே அங்கதான். நம்ம ரோடு தண்ணி வடியறதுக்காக நடுவுல உயர்ந்து ஓரம் சரிஞ்சிருக்கும். ஆத்தங்கரை ரோடு இன்னும் கூடுதலாச் சரியும். அதுல இடது பக்கம் ஓட்டுறப்போ ஒழுங்கான கார் கையை விட்டா மெதுவா இடது பக்கம் ஒதுங்கணும். உங்க கார் ஒதுங்கலைன்னா ஏதோ ஒண்ணு அதை வலது பக்கம் இழுத்துப் பிடிச்சிருக்கு. கேம்பர் மைனஸ் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம்தான் கார் இழுக்கும். உங்களுக்கு அது வலது. ரோட்டுச் சரிவும் கேம்பர் கோளாறும் ஒண்ணை ஒண்ணு மறைச்சுக்குது. விடியற்காலையில வண்டி வராத நேரான ரோட்டுல, சரியா நடு மேட்டுல, 40 வேகத்துல நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்க. வலது பக்கம் ஒதுங்கினா முடிவு தெரிஞ்சிடும்.

வீட்டுல பார்க்கக்கூடியது மூணு.

முதல்ல உள்ளங்கை. டயர் பட்டன் (தரையில படுற ரப்பர் கட்டி) மேல வெளி ஓரத்துலேர்ந்து உள் பக்கமா கையைத் தடவுங்க, பிறகு திருப்பி வெளியே. வெளியிலேர்ந்து உள்ளே போறப்போ ரம்பம் மாதிரிக் கீறி, திரும்புறப்போ வழுவழுன்னு இருந்தா டோ அவுட். தலைகீழா இருந்தா டோ இன் (பிளஸ் டோ). ரெண்டு பக்கமும் வழுவழுப்பா ஒரு ஓரம் மட்டும் சரிஞ்சிருந்தா கேம்பர் மட்டும்.

ரெண்டாவது கொத்தனார்கிட்ட இருக்கிற தூக்குக்குண்டு. சமமான தரையில ஸ்டியரிங் நேரா வச்சு நிறுத்தி, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டு உக்கார விடுங்க. மட்கார்டு விளிம்புலேர்ந்து நூலைத் தொங்க விட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி, கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ரெண்டையும் அளங்க. 14 இஞ்ச் ரிம்முக்கு விளிம்புக்கு விளிம்பு சுமார் 38 செ.மீ. அதுல 1 டிகிரின்னா 6.6 மி.மீ. உங்க பிரிண்ட் சரின்னா இடதுல 10 மி.மீ., வலதுல 2 மி.மீ. சுமாருக்கு வரணும். வரலைன்னா மிஷின் கிளாம்ப் ரிம்மில் சரியா உக்காரலைன்னு அர்த்தம்.

மூணாவதுதான் முக்கியம். டயரோட உள் சுவருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நடுவுல இருக்கிற சந்து. ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல அளங்க. இடதுல சந்து குறைவா இருந்தா ஸ்ட்ரட்டோ நக்கிளோ (ஸ்ட்ரட்டுக்குக் கீழே சக்கர ஹப்பைத் தாங்குற இரும்பு) வளைஞ்சிருக்கு. சந்து ரெண்டு பக்கமும் சமமா இருந்தும் சக்கரம் சாய்ஞ்சிருந்தா கோளாறு வேற இடம்: லோயர் ஆர்ம் (நக்கிளைக் கீழே பிடிக்கிற கை), சப்ஃப்ரேம் (அந்தக் கை மாட்டியிருக்கிற அடிச்சட்டம்) நகர்ந்தது, மேல் டவர் (ஸ்ட்ரட் தலை மாட்டுற பாடி பாகம்). சப்ஃப்ரேம் நகர்ந்திருந்தா ஒரு பக்கம் மைனஸ் எவ்வளவு கூடுதோ மறு பக்கம் அவ்வளவு குறையும், அது ஒரு அடையாளம்.

கேம்பர் போல்ட்டுக்கு இப்போ அவசரப்பட வேண்டாம். வளைஞ்ச சாமானை அப்படியே விட்டுட்டு மெல்லிசு போல்ட் போட்டு நிமிர்த்துறது சரியான வேலை இல்லை.


மன்னை (மன்னார்குடி)

அண்ணே சொன்ன கணக்கு சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஆட்டம் பார்த்துடுங்க. ஆட்டம் இருக்கிற வண்டிக்கு எத்தனை தடவை அலைன்மென்ட் பண்ணினாலும் பிரிண்ட்ல பச்சை காட்டும், ரோட்டுல இறங்கினா மாறிடும்.

ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் கை வைக்கணும். டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா பக்கத்துல ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா ஹப் பேரிங், நிக்காட்டி பால் ஜாயின்ட் (லோயர் ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கிற உருண்டை மூட்டு). அப்புறம் இடது வலதாப் பிடிச்சு ஆட்டுறது: டை ராட் (ரேக்லேர்ந்து சக்கரத்துக்குப் போற கம்பி) எண்டும் ரேக் எண்டும் அதுல தெரியும். ரேக் எண்ட் ரப்பர் பூட்டுக்குள்ள மறைஞ்சிருக்கும், பூட் மேலேயே விரலை வச்சு அமுக்கிக்கிட்டு ஆட்டினா டக்குன்னு தட்டுறது விரல்ல தெரியும்.

லோயர் ஆர்ம் பின் புஷ்ஷைத்தான் (ஆர்மை மாட்டுற இடத்து ரப்பர்) நிறையப் பேரு கோட்டை விடுறாங்க. அது கிழிஞ்சிருந்தா நிக்கிறப்போ டோ சரியா இருக்கும், பிரேக் மிதிச்சதும் ஆர்ம் பின்னால போய் சக்கரம் வெளியே திரும்பிடும். கடப்பாறை மாதிரி ஒரு லீவரைக் கொடுத்து நெம்பினா ரப்பர் வாயைப் பிளக்குதான்னு பாருங்க. மேலாக்க இருக்கிற சின்ன வெடிப்பு பரவாயில்லை, ரப்பர் இரும்பை விட்டுக் கழண்டிருந்தா மாத்தியாகணும்.

ஏன் இடது பக்கமே எப்பவும் அடி வாங்குதுன்னா, நம்ம பக்கத்து ஒத்தை ரோடுகள்ல எதிர்ல பஸ் வந்தா நாம இடது சக்கரத்தைத் தார் ஓரத்துலேர்ந்து கீழே இறக்கணும். அறுவடை மிஷின் ஏறி இறங்கி அந்த ஓரம் கத்தி மாதிரி உடைஞ்சிருக்கும். இறங்குறதை விட வேகமாத் திரும்ப ஏறுறதுதான் ஸ்ட்ரட்டையும் ரிம்மையும் வளைக்கும். நெல் காயப்போட்டிருக்கிற நாள்ல பாதி ரோடுதான் மிஞ்சும், அப்போ இது இன்னும் கூடும்.


அரசலாறு

அளந்துட்டேன்.

நடு மேட்டுல ஓட்டினப்போ வலது பக்கம் தெளிவா ஒதுங்குது. உள்ளங்கைச் சோதனையில ரெண்டு முன் டயர்லயும் வெளியிலேர்ந்து உள்ளே போறப்போ கீறுது, இடதுல கூடுதல். தூக்குக்குண்டு: இடது மேலுக்கும் கீழுக்கும் 10 மி.மீ., வலது 2. டயர்-ஸ்ட்ரட் சந்து இடது 22 மி.மீ., வலது 29. ஆட்டம் எதுவும் இல்லை, ரெண்டு லோயர் ஆர்ம் புஷ்ஷும் பிடிச்சிருக்கு, பால் ஜாயின்ட் பூட் கிழியல.

பிரிண்ட்ல கீழே கிங்பின் ஆங்கிள்னு ஒரு வரி இருக்கு, இடது 12 டிகிரி 40, வலது 12 டிகிரி 35. இதுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?


வடவாறு

அந்த ஒரு வரிதான் எல்லாத்தையும் முடிச்சு வைக்குது. அலைன்மென்ட் போடுறவங்க அதைப் படிக்கறதே இல்லை.

கிங்பின் ஆங்கிள்னா மேல் மவுண்டையும் (ஸ்ட்ரட் தலை மாட்டுற இடம்) கீழ் பால் ஜாயின்ட்டையும் சேர்க்கிற கோடு சாயுற கோணம். அதையும் கேம்பரையும் கூட்டுங்க, கேம்பர் மைனஸ்ங்கறதால கழியும். இடது 12.40-லேர்ந்து 1.30 போக 11 டிகிரி 10. வலது 12.35-லேர்ந்து 0.20 போக 12 டிகிரி 15. கிங்பின் ஆங்கிள் ரெண்டு பக்கமும் சமமா இருக்கு, அப்படின்னா மேல் மவுண்டும் கீழ் பால் ஜாயின்ட்டும் அதது இடத்துலயே இருக்கு. ஆர்ம், சப்ஃப்ரேம், டவர் மேல பழி இல்லை. கூட்டுத்தொகைதான் 1 டிகிரிக்கு மேல வித்தியாசப்படுது. வளைவு அந்த ரெண்டு புள்ளிக்கும் நடுவுல, ஸ்ட்ரட்லயோ நக்கிள்லயோ இருக்கு. சந்துல 7 மி.மீ. குறைஞ்சதும் அதையேதான் சொல்லுது.

ரெண்டுல எதுன்னு பிரிக்க ஒரு வழி. வண்டி அலைன்மென்ட் மிஷின் மேல சென்சாரோட நிக்கிறப்போ ஸ்ட்ரட் மேல் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி (கழட்டக் கூடாது), ராடை ஸ்பேனரால மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்தச் சொல்லுங்க. சுத்தச் சுத்த கேம்பர் எண் ஏறி இறங்கினா ராட் வளைஞ்சிருக்கு. எண் அசையலைன்னா ராட் நேர். பிராக்கெட்டோ நக்கிளோன்னு பார்க்கணும். பள்ளத்துல விழுந்து அடி வாங்கின வண்டிக்குப் பெரும்பாலும் ஸ்ட்ரட்தான், நக்கிள் அவ்வளவு சுலபமா வளையாது.

மாத்துறப்போ ரெண்டு முன் ஸ்ட்ரட்டும் ஜோடியா மாத்துங்க. ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா பிரேக்ல ஒரு பக்கம் முங்கும். கூடவே ரெண்டு மேல் மவுண்ட், மவுண்ட் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுசா அமுங்கறப்போ தாங்குற ரப்பர்), டஸ்ட் கவர். நக்கிள் போல்ட் நட்டும் மேல் நட்டும் லாக் நட், புதுசு போடணும், பழசைத் திருப்பிப் போடக் கூடாது. ஸ்பிரிங்கை கம்ப்ரஸர்ல அமுக்காம மேல் நட்டைக் கழட்டினா ஆளைக் கொல்லும். கம்ப்ரஸர் இல்லாத கடையில இந்த வேலையைக் கொடுக்காதீங்க.

மாட்டுறப்போ ஒரு நுணுக்கம். நக்கிளைப் பிடிக்கிற ரெண்டு போல்ட் துவாரத்துலயும் கொஞ்சம் லூஸ் உண்டு. போல்ட்டை முழுசா இறுக்கறதுக்கு முன்னாடி சக்கரத்தோட மேல் பகுதியை வெளிப்பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, டார்க் ரெஞ்ச்ல இறுக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் அதே மாதிரி. இதுலயே கொஞ்சம் மைனஸ் குறையும், போல்ட்டுக்குத் தனியாச் செலவில்லை. இதுக்குப் பிறகும் இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல நின்னா அப்போ கேம்பர் போல்ட் பத்திப் பேசலாம்.

லோயர் ஆர்ம் போல்ட் எதையாவது தளர்த்தினா, வண்டியைத் தரையில இறக்கி பாரம் உக்காந்த பிறகுதான் கடைசி இறுக்கு. தொங்கிட்டு இருக்கிறப்போ இறுக்கினா புஷ் ரப்பர் முறுக்கின நிலையிலயே நிக்கும், சில மாசத்துல கிழியும்.


மன்னை

ஸ்ட்ரட் மாத்தின பிறகு அலைன்மென்ட் கட்டாயம். அங்க நின்னு நாலு விஷயம் கவனிங்க. டிக்கியில மூட்டை கீட்டை இருந்தா எடுத்துடணும். காத்து நாலுலயும் சரி பார்க்கணும். கிளாம்ப் மாட்டினதும் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி ரிம் கோட்டத்தைக் கழிக்கணும், இதை விட்டுட்டா எல்லா எண்ணும் பொய். டோ திருப்புறப்போ ரெண்டு டை ராடையும் சமமாத் திருப்பணும். ஒரே பக்கம் திருப்பினா ஸ்டியரிங் கோணலா நிக்கும். டை ராடைத் திருப்புறதுக்கு முன்னாடி ரேக் பூட் கிளிப்பைத் தளர்த்தலைன்னா பூட் முறுக்கிக்கிட்டுக் கிழிஞ்சு, மழைத் தண்ணி ரேக்குக்குள்ள போயிடும். வேலைக்கு முன்னாடி ஒரு பிரிண்ட், பின்னாடி ஒரு பிரிண்ட், ரெண்டும் கேட்டு வாங்குங்க.


வேதை உப்புக்காத்து (வேதாரண்யம்)

கடலோரம் ஓடுற வண்டிக்கு ஒரு குறிப்பு: டை ராட் லாக் நட் துரு பிடிச்சு இறுகிடும். அதனாலேயே சில கடையில சுலபமாத் திரும்புற பக்கத்தை மட்டும் திருப்பி விட்டுடறாங்க. முதல் நாள் சாயங்காலமே துரு இளக்குற எண்ணெய் அடிச்சு ஊற விட்டுக் கொண்டு போங்க. வேலை முடிஞ்சதும் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்க.

டயர் விஷயம். 1.9 மி.மீ. ஆன டயரை எங்கயும் மாத்திப் போட வேண்டாம். பள்ளத்துக்குள்ள இருக்கிற தேய்மான அடையாள மேடு 1.6 மி.மீ. உயரம், அந்த ஓரத்துல இன்னும் 0.3 தான் பாக்கி. ஐப்பசி மழையில அந்த ஓரத்தால தண்ணியை வெளியே தள்ள முடியாது. ரிம்முல திருப்பிப் போட்டு உள் ஓரத்தை வெளியே கொண்டு வர்ற வேலையும் இந்த அளவுக்கு வந்த பிறகு பிரயோஜனமில்லை, 4 மி.மீ. இருக்கிறப்போ கண்டுபிடிச்சிருந்தா, திசைக்குறி இல்லாத டயருக்கு அது நல்ல யோசனை.

ரெண்டு புது டயர் வாங்கி அதைப் பின்னால போடுங்க. முன்னாடிதானே டிரைவ், முன்னாடிதானே புதுசு போடணும்னு கடையில சொல்வாங்க. ஈர ரோட்டுல முன் டயர் வழுக்கினா ஸ்டியரிங்கையும் வேகத்தையும் குறைச்சு ஓரளவு சமாளிக்கலாம், பின் டயர் வழுக்கினா வண்டி சுத்திடும். இப்போ பின்னால இருக்கிற 6 மி.மீ. டயர் ரெண்டும் முன்னுக்கு. வலது முன் டயர் ஸ்டெப்னிக்கு. வாங்குறப்போ டயர் சுவர்ல கடைசி நாலு எண்ணைப் பாருங்க, முதல் ரெண்டும் வாரம், அடுத்த ரெண்டும் வருஷம். ரெண்டு டயரும் கிட்டத்தட்ட ஒரே தேதியா இருக்கட்டும்.

ஸ்ட்ரட் வேலை முடியற வரைக்கும் புது டயர் மாட்டாதீங்க.


அரசலாறு

அப்போ பின் இடது? அந்தத் திட்டுப் பள்ள டயரை முன்னால கொண்டு வந்தா உறுமல் முன்னால வராதா? பின் ஷாக் அப்சார்பர் போயிடுச்சோன்னு கேட்கிறேன், ஆயில் கசிவு எதுவும் இல்லை.


வடவாறு

வரும், சத்தம் முன்னால வரும். அதையே சோதனையா வச்சுக்கலாம்: டயர் மாத்தினதும் உறுமல் இடம் மாறினா டயர், பின்னாலேயே நின்னா ஹப் பேரிங். பேரிங் சத்தம் ரோடு மாறினாலும் மாறாது, வளைவுல பாரம் ஏறுறப்போ கூடும் குறையும். டயர் சத்தம் தார் ரோட்டுல ஒரு மாதிரி, சிமெண்ட் ரோட்டுல ஒரு மாதிரி கேட்கும். பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால சுத்தி, இன்னொரு கையை காயில் ஸ்பிரிங் மேல வச்சா பேரிங் கரகரப்பு கைக்குத் தெரியும்.

ஷாக் போனா வர்ற பள்ளம் டயர் சுத்தியும் இடைவெளி விட்டு, கிண்ணம் மாதிரி, அகலமா இருக்கும். உங்களுக்கு உள் பக்கம் மட்டும்னு எழுதியிருக்கீங்க. பட்டன் பட்டனாத் தடவிப் பாருங்க: ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு முனை உயர்ந்து ஒரு முனை தாழ்ந்து இருந்தா அது ஷாக் இல்லை, பின் டோ. இடது 25 நிமிஷம், வலது 5. பின் சக்கரம் கி.மீ.க்குப் பல மீட்டர் குறுக்கால இழுபடுது. பின்னால பாரம் குறைவு, அதனால டயர் ஒரே சீராத் தேயாம தத்தித் தத்தித் தேயும்.

"அட்ஜஸ்ட் ஆகாது"ங்கறது பாதி உண்மை. டிவிஸ்ட் பீம் ஆக்சில்ல (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற குறுக்குக் கட்டை) திருகு கிடையாது, ஆனா பல வண்டியில சக்கரத்தைத் தாங்குற ஸ்டப் ஆக்சில் நாலு போல்ட்ல பீமோட சேர்ந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் 20 நிமிஷம் தள்ளி இருக்கிறதால, அந்த ஸ்டப் ஆக்சில் அடி வாங்கி வளைஞ்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முன் இடது இறங்கின அதே உடைஞ்ச ஓரத்துல பின் இடதும் இறங்கியிருக்குமே. முதல்ல ரிம்மைக் கழட்டி டிரம்முக்குப் பின்னால போல்ட் இறுக்கமா இருக்கா, நடுவுல துரு, மண் அடைஞ்சு தூக்கியிருக்கான்னு பாருங்க. சுத்தம் பண்ணி இறுக்கினாலே சில நிமிஷம் குறையலாம். பிறகு பீம் புஷ். ரெண்டும் சரின்னா இடது ஸ்டப் ஆக்சிலை மட்டும் மாத்தி அளங்க. பீம் மாத்தச் சொன்னா உடனே தலையாட்டாதீங்க, அது கடைசி வேலை. அப்பவும் மிச்சம் நின்னா ஸ்டப் ஆக்சிலுக்கும் பீமுக்கும் நடுவுல ஆப்பு வடிவ ஷிம் (மெல்லிசுத் தகடு) போட்டுத் திருத்தலாம், எத்தனை நிமிஷத்துக்கு எந்தத் தடிமன்னு ஷிம்மோட வர்ற அட்டவணையில இருக்கும்.

பின் டோவைத் திருத்தினா முன் டோவை மறுபடி வைக்கணும், ஏன்னா மிஷின் முன் சக்கரத்தைப் பின் சக்கரம் காட்டுற திசையை வச்சுத்தான் கணக்குப் போடுது. அதனால ஸ்ட்ரட்டும் பின் ஸ்டப் ஆக்சிலும் ஒரே நாள்ல முடிச்சுட்டு, அலைன்மென்ட் காசை ஒரு தடவை மட்டும் கொடுங்க. பிரிண்ட் வந்ததும் நாலு டயரோட மூணு மூணு அளவையும் அது பின்னாலேயே எழுதி வச்சுட்டு, 1,000 கி.மீ.ல முன் இடதை மட்டும் மறுபடி உள்ளங்கையால தடவிப் பாருங்க.


அரசலாறு

ராட் சுத்திப் பார்த்தாச்சு. இடதுல கேம்பர் மைனஸ் 1.30-லேர்ந்து பிளஸ் 0.50 வரைக்கும் போய்த் திரும்புது, வலதுல அசையவே இல்லை. பின் இடது ஸ்டப் ஆக்சில் போல்ட் நாலும் இறுக்கமா இருக்கு, முகப்புல துரு இல்லை. பீம் புஷ்ஷும் நல்லாயிருக்கு. முன் ஸ்ட்ரட் ஜோடி, மவுண்ட், பேரிங், லாக் நட், இடது ஸ்டப் ஆக்சில் ஆர்டர் போட்டாச்சு. டயர் அதுக்கப்புறம்தான்.